கம்போஸ்ட் டீ மீந்துபோச்சு, கேன் உப்பிப்போச்சு: எத்தனை நாள் வெச்சுக்கலாம்?

மொட்டைமாடி | அம்பத்தூர் | சனி இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் முதல் தடவையா காத்து விட்டு கம்போஸ்ட் டீ போட்டேன், அதாவது மக்கின உரத்தைத் தண்ணில ஊற வெச்சு செடிக்கு ஊத்தற கரைசல். 20 லிட்டர் பெயின்ட் பக்கெட், மீன் தொட்டிக்கு வைக்கிற பம்ப், ஒரு கிலோ மண்புழு உரத்தைக் கொசுவலையில மூட்டை கட்டித் தொங்கவிட்டேன். 250 கிராம் நாட்டுச்சர்க்கரை. 30 மணி நேரம் ஓடுச்சு. நல்ல நுரை, மழை பெஞ்ச மண் வாசம். எனக்கே பெருமையா இருந்துச்சு.

மாடியில இருக்கறது 40 செடிப் பைதான். 5 லிட்டர்ல எல்லாம் முடிஞ்சுபோச்சு. மீதி 15 லிட்டரைத் தண்ணி கேன்ல ஊத்தி, இறுக மூடி, படிக்கட்டுக்குக் கீழ வெச்சேன். மூணாம் நாள் கேன் பலாப்பழம் மாதிரி உப்பியிருந்துச்சு. மூடியைத் திருகினா புஸ்ஸுன்னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் வந்த நாத்தத்தை எழுத முடியாது. கீழ் வீட்டு மாமி செப்டிக் டேங்க் உடைஞ்சிருச்சோன்னு பார்க்க வந்துட்டாங்க.

இப்ப அந்த 15 லிட்டர் இன்னும் இருக்கு. ஊத்தலாமா, கொட்டிடலாமா? அடுத்த தடவை மீந்தா எப்படி வைக்கணும்? ஃபிரிட்ஜ்ல வெச்சா தாங்குமா?

---

ஏழரை | திருச்சி | சனி இரவு 9.52

டீ மீந்தா சுட வெச்சுக் குடிக்கணும் தம்பி.

---

கீரைக்காரி | கோவை | சனி இரவு 10.15

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லு. 20 லிட்டருக்கு 250 கிராம் சர்க்கரைன்னு யார் சொன்னது? சாணம், கோமியம், வெல்லம் கரைக்கற அமிர்தக்கரைசல் கணக்கை அப்படியே தூக்கி இதுல போட்டிருக்கே. அங்க 250 கிராம் வெல்லம் 200 லிட்டர் தண்ணிக்கு. நீ பத்து மடங்கு போட்டிருக்கே. நான் 20 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போடுவேன், அதுவும் கரைச்சுதான். கேன் உப்பினதுக்குப் பாதிக் காரணம் அந்தச் சர்க்கரை.

மீதிக் காரணம் மூடி. நம்ம கண்ணுக்குப் பழுப்புத் தண்ணி மாதிரி இருந்தாலும் அது உயிருள்ள சரக்கு. மீன் வாங்கிட்டு வந்து பையைக் கட்டி மூணு நாள் படிக்கட்டுக்கு அடியில வெச்சிருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு.

---

உப்பங்கழி | வேதாரண்யம் | சனி இரவு 11.05

இறால் குளத்துல எட்டு வருசம் ராத்திரி முழுக்க டி.ஓ. மீட்டரோட அலைஞ்சவன் பேசுறேன். டி.ஓ.ன்னா தண்ணில கரைஞ்ச ஆக்சிஜன். விடியக்காலம் அது எவ்வளவு இறங்குதுங்கறதுதான் எங்களுக்கு வாழ்வா சாவா கேள்வி. அந்த நேரத்துல கரன்ட் போயி, குளத்துக்குக் காத்து தர்ற துடுப்புச் சக்கரம் நின்னா என்ன ஆகும்னு இங்க எவன்கிட்ட வேணா கேளுங்க.

தம்பி பக்கெட்டும் ஒரு குட்டிக் குளம்தான். 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு 9 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரில ஏழரை. 35-ல ஏழு கூட இல்ல. டீயில 6-க்குக் கீழ இறங்க விடக்கூடாதுங்கறாங்க. அப்ப அம்பத்தூர் மொட்டைமாடில வெயில்ல வெச்ச பக்கெட்டுக்குக் கையிருப்பு எவ்வளவு? ஒரு மி.கி.க்கும் குறைவு. பம்ப் ஓடுற வரைக்கும் பாக்டீரியா திங்கறதும் காத்து தர்றதும் சமமாப் போகும். பம்பை நிறுத்தினா வரவு இல்ல, செலவு மட்டும்தான். சர்க்கரையும் மிச்சமிருந்தா செலவு இன்னும் வேகம். நான் ஒரு தடவை ஆர்வக்கோளாறுல மீட்டரை உள்ள விட்டுட்டு பம்பை அணைச்சுப் பார்த்தேன். எண் இறங்கறதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். கடைக்குப் போயி டீ குடிச்சிட்டு வந்தேன், அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு கதை.

அதனால ‘எத்தனை நாள்’னு கேக்காத. எத்தனை மணி நேரம்னு கேளு.

---

ஏழரை | திருச்சி | சனி இரவு 11.11

30 டிகிரில என் பேரை எதுக்குண்ணே இழுக்கறீங்க.

---

நுண்ணோக்கி | மதுரை | ஞாயிறு காலை 6.30

ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களோடு வாழ்க்கையைக் கழித்து ஓய்வு பெற்றவன். இப்போது வீட்டில் ஒரு பழைய நுண்ணோக்கி, நாலு தொட்டிச் செடி.

அந்தக் கேனுக்குள் நடந்தது இது. முதலில், ஆக்சிஜன் இல்லாமல் வாழ முடியாதவை திணறின. பூஞ்சை இழைகளும் புரோட்டோசோவா என்ற ஒற்றைச் செல் உயிர்களும் முன்னதாகப் போய்விடும். பாக்டீரியாக்களில் இரண்டு விதமாகவும் வாழத் தெரிந்தவை நொதித்தலுக்கு மாறி, சர்க்கரையை அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் உடைத்தன. கேனை உப்ப வைத்தது அந்த வாயு. பிறகு காற்றே ஆகாத கூட்டம் தலையெடுத்தது. அழுகிய முட்டை நாற்றம் வந்திருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. வாந்தி நாற்றம் என்றால் பியூட்டிரிக் அமிலம்.

புத்தகங்களிலும் யூடியூபிலும் சொல்லும் ‘4 முதல் 6 மணி நேரத்துக்குள் தெளித்துவிடுங்கள்’ என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த முறையை உலகத்துக்குப் பரப்பியவர்களில் முக்கியமானவர் எலெய்ன் இங்காம் என்ற அமெரிக்க மண் நுண்ணுயிரியலாளர். அவர் நெடுங்காலம் இருந்தது ஆரிகன் மாநிலத்தில். அங்கே நல்ல கோடையிலும் இரவு சில்லென்று இருக்கும். அந்த 6 மணி நேரத்தை நம் ஊர் சித்திரைக்குக் கொண்டுவரக் கூடாது. நான் இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுவேன்.

---

வாய்க்கால்மேடு | ஈரோடு | ஞாயிறு காலை 8.10

ஏனுங்க, இவ்வளவு பயப்படோணுமா? எங்க தோட்டத்துல சாணி, கோமியம், பால், தயிர், நெய் கலந்த பஞ்சகவ்யம் ஆறு மாசம் டிரம்முல கெடக்குது. தினமும் ரெண்டு வேளை கலக்கி விடறோம், அவ்வளவுதான். பத்து லிட்டர் தண்ணிக்கு 300 மி.லி. ஊத்தி அடிச்சா மஞ்சளு தளதளன்னு வருது. பஞ்சகவ்யத்தைப் பரப்பின கொடுமுடி டாக்டர் நடராஜன் சொன்ன கணக்கு, இத்தனை வருசமாப் பொய்க்கலீங்க. சாணி, கோமியம், வெல்லம், பயறு மாவு கரைச்ச ஜீவாமிர்தமும் ஒரு வாரம் வெச்சு ஊத்தறோம். உங்க கம்போஸ்ட் டீ மட்டும் என்ன ரெண்டு மணி நேரத்துல சாகற பட்டணத்துப் புள்ளையாட்டம்?

---

நுண்ணோக்கி | மதுரை | ஞாயிறு காலை 8.55

வாய்க்கால்மேடு ஐயா, நியாயமான கேள்வி. பால் புளித்தால் கெட்டுப்போச்சு என்கிறோம், தயிர் புளித்தால் யாரும் கொட்டுவதில்லை. பஞ்சகவ்யம் தயிர்க் கட்சி. அதைப் புளிக்க வைக்கவே செய்கிறோம். தயிர், பால், நெய் எல்லாம் போய் லாக்டிக் அமிலப் பாக்டீரியாவும் ஈஸ்டும் ஆட்சிக்கு வந்து, கரைசல் அமிலமாகி, அந்த அமிலமே காவலாக நிற்கிறது. அதனால் நாள் தாங்குகிறது. ஜீவாமிர்தம் இரண்டுக்கும் நடுவில். இரண்டு நாள் ஊறி, ஏழு நாளைக்குள் தீர்க்க வேண்டியது.

காற்றூட்டிய டீயில் அந்தக் காவல் கிடையாது. மக்கிய உரத்தில் ஒட்டியிருப்பதைத் தண்ணீருக்கு இறக்கி, காற்றும் கொஞ்சம் தீனியும் கொடுத்துப் பெருக்கி, அதே சூட்டோடு இலையிலும் வேரிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலையே. வைத்திருந்து ஊற்றுவதென்றால் அதற்குப் பம்ப்பும் வேண்டாம், கரன்ட்டும் வேண்டாம். பஞ்சகவ்யமே போதும்.

---

வாய்க்கால்மேடு | ஈரோடு | ஞாயிறு காலை 9.02

அதைத்தானுங்க நானும் சொல்றேன். பஞ்சகவ்யமே போதும்.

---

மொட்டைமாடி | அம்பத்தூர் | ஞாயிறு காலை 9.30

ஐயா, அப்பார்ட்மென்ட்ல சாணி, கோமியம் ஏத்த விட மாட்டாங்க. மண்புழு உரம்தான் சத்தமில்லாம லிஃப்ட்ல வரும்.

ஒரு சந்தேகம். கடையில பாட்டில்ல அடைச்சு ‘கம்போஸ்ட் டீ, ஒரு வருடம் கெடாது’ன்னு விக்கிறாங்களே, அது எப்படி?

---

நுண்ணோக்கி | மதுரை | ஞாயிறு காலை 10.20

மூடிய பாட்டிலில் ஒரு வருடம் நிற்கிறது என்றால் உள்ளே இருப்பது விழித்திருக்கும் உயிர் அல்ல, தூங்கும் உயிர். பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் நெருக்கடி வந்தால் வித்தாக மாறிப் படுத்துக்கொள்ளும், அவை தாங்கும். இல்லையென்றால் அது உரத்தின் சாறு, சத்து மட்டும்தான்.

நுண்ணுயிரைச் சேமிக்கும் தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. வேளாண் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா திரவ உயிர் உரங்களைப் பாருங்கள். ஓர் இனத்தைத் தனியாக வளர்த்து, கிளிசரால் போன்ற காப்புப் பொருட்களைச் சேர்த்து, உறக்கத்துக்குத் தள்ளி அடைக்கிறார்கள். ஆயிரம் வகை கலந்த பக்கெட்டை நாம் அப்படித் தூங்க வைக்க முடியாது. ஒன்று தூங்கும்போது இன்னொன்று அதைத் தின்னும்.

---

கீரைக்காரி | கோவை | ஞாயிறு பகல் 12.40

ஃபிரிட்ஜ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. நான் செஞ்சு பார்த்திருக்கேன், திட்டும் வாங்கியிருக்கேன். குளிர்ல அதுங்க மூச்சு விடறது மெதுவாகும், நிக்காது. ரெண்டு லிட்டர் பாட்டில்ல பாதி மட்டும் ஊத்தி, மேல காத்துக்கு இடம் விட்டு, மூடியைத் தளர்வா வெச்சேன். மறுநாள் காலையில வாசம் பரவாயில்ல. அதுக்கு மறுநாள் புளிப்பு தட்டிருச்சு. அதாவது ஒரு ராத்திரியைத் தள்ளலாம், ஒரு வாரத்தைத் தள்ள முடியாது.

ஆனா இப்ப செய்யறதில்ல. காரணம் நாத்தம் இல்ல. அது பக்கத்துல தயிர், மாவு, குழந்தைக்கு வெட்டி வெச்ச பழம் எல்லாம் இருக்கற இடம். சாணத்துலேர்ந்து வந்த சரக்கை அங்க வைக்கறது தப்பு. அத்தை சொன்னது சரி, நான்தான் ஒரு நாள் முழுக்க வாதாடினேன்.

மிஞ்சினதை ஒரு நாள் நீட்டிக்கணும்னா நான் இப்ப செய்யறது: உர மூட்டையை வெளிய எடுத்துடுவேன். பம்பை அணைக்க மாட்டேன். பக்கெட்டை நிழலுக்கு நகர்த்தி, சுத்தி ஈரச் சாக்கு. சர்க்கரை ஒரு சிட்டிகை கூடச் சேர்க்கறதில்ல. மறுநாள் சாயங்காலம் மூந்து பார்ப்பேன், மண் வாசம்னா செடிக்கு, புளிப்போ நாத்தமோ இருந்தா கம்போஸ்ட் குவியலுக்கு.

---

கோத்தகிரிக்காரன் | கோத்தகிரி | ஞாயிறு பகல் 1.15

இங்க ராத்திரி ஸ்வெட்டர் இல்லாம வெளிய வர முடியாது. தண்ணி குளிரா இருக்கறதால டீ பொங்கவே 40 மணி நேரத்துக்கு மேல ஆகுது. ஆனா பம்பை நிறுத்தின பிறகும் காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் வாசம் மாறல. மலையில இருக்கறவங்க சமவெளிக் கணக்கைப் பார்த்து ரொம்பப் பயப்பட வேணாம்.

---

தோட்டவெளி | யாழ்ப்பாணம் | ஞாயிறு மாலை 4.50

நாங்கள் இதைக் கூட்டெருத் தேநீர் எண்டு சொல்லுவம். எனக்கு மிஞ்சிற பிரச்சினை இல்லை, கொண்டு போற பிரச்சினை. வீட்டில காய்ச்சி, கானில மூடி, மோட்டார் சைக்கிளில வெயிலுக்குள்ள தோட்டத்துக்குக் கொண்டு போறனான். முக்கால் மணித்தியாலம். போய்த் திறந்தால் மணம் மாறியிருக்கும். பிறகு மீன் வியாபாரி ஒருவர் உயிர்மீன் கொண்டு போறதுக்கு வைச்சிருந்த பற்றரிப் பம்பைக் கண்டு, அது மாதிரி ஒண்டு வாங்கிக் கானுக்குள்ள குழாயை விட்டுப் போட்டன். மூடியில ஓட்டை. இப்ப வெங்காயப் பாத்திக்கு வந்து சேரேக்கையும் நல்ல மண் மணம்.

எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. குளோரின் இல்லை, அது ஒரு நிம்மதி.

---

உப்பங்கழி | வேதாரண்யம் | ஞாயிறு மாலை 5.20

தோட்டவெளி அண்ணே, அருமை. முதுகுல மாட்டுற ஸ்பிரேயருக்கும் இதே கதைதான். அதுவும் மூடின டாங்க்தானே. ஊத்திட்டு வரப்புல உட்கார்ந்து ஊர்க்கதை பேசினா, கேன்ல நடந்தது முதுகுல நடக்கும். ஊத்துற உடனே அடிச்சு முடிக்கணும். போன வாரம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு மாதிரி பூஞ்சைக்கொல்லி அடிச்ச டாங்க்கா இருந்தா, அதுல ஊத்தினாலே பாதி செத்துரும். இதுக்குன்னு தனி டாங்க் வெச்சுக்கங்க.

வடிகட்டாம ஊத்தினா நாசில் அடைக்கும். வேட்டித் துணில வடிச்சா ரொம்பப் பொடிசு, பூஞ்சை இழை துணிலயே தங்கிரும். கொசுவலையை ரெண்டா மடிச்சு வடிங்க, நாசில்ல பெரிய ஓட்டை இருக்கறதாப் போடுங்க.

குளோரினை ஞாபகப்படுத்தினீங்க. நிறைய பேர் காய்ச்சுற தண்ணிய முந்தின நாளே பிடிச்சுக் காத்து விட்டு வெச்சிருப்பாங்க. கடைசில ‘ஒண்ணுக்குப் பத்து’ன்னு கலக்கும்போது நேரா குழாயைத் திறந்து விட்டுருவாங்க. ஒரு லிட்டர் டீக்குப் பத்து லிட்டர் குளோரின் தண்ணி! ராத்திரி முழுக்க வளர்த்ததை ஒரு நிமிசத்துல கொல்றது. கலக்குற தண்ணியும் ஆறப்போட்ட தண்ணியா இருக்கணும். அவசரம்னா மீன் தொட்டிக் கடையில குளோரின் முறிக்கற சொட்டு மருந்து கிடைக்கும்.

தம்பி, நீ என்ன தண்ணில கலக்கினே?

---

மொட்டைமாடி | அம்பத்தூர் | ஞாயிறு மாலை 5.31

...மெட்ரோ தண்ணி. நேரா குழாய்ல.

---

ஏழரை | திருச்சி | ஞாயிறு மாலை 5.33

அப்ப கேன்ல இருந்த 15 லிட்டர்தான் கொஞ்ச நாளாவது வாழ்ந்துச்சு.

சரி, கிண்டல் போதும். உண்மையாவே கேக்கறேன். இதெல்லாம் வேலை செய்யுதா? நான் ரெண்டு வரிசை கத்தரிக்கு ஊத்தினேன், ரெண்டு வரிசைக்கு ஊத்தல. வித்தியாசம் தெரியல. அந்த ஒரு கிலோ மண்புழு உரத்தை நேரா தொட்டில போட்டிருந்தா அதுக்கும் ஒரு பலன் இருந்திருக்குமே?

---

நுண்ணோக்கி | மதுரை | ஞாயிறு மாலை 6.45

நீங்கள் தனி ஆள் இல்லை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆய்வாளர் லிண்டா சாக்கர்-ஸ்காட் பல வருடங்களாக இதைத்தான் கேட்டுவருகிறார். ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி வருவதில்லை. ஓர் உரத்தில் செய்தபோது நாற்றழுகலை (இளநாற்று அழுகிச் சாயும் நோயை) தடுத்த டீ, வேறு உரத்தில் செய்தால் தடுப்பதில்லை. காற்றே விடாமல் ஊறவைத்த சாறு சில சோதனைகளில் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. நான் ஊற்றுகிறேன், ஆனால் அற்புதம் நடக்கிறது என்று யாரிடமும் சத்தியம் செய்ய மாட்டேன். உரம் ஒரு கிலோதான் இருக்கிறது என்றால், ஏழரை சொல்வதுபோல் மண்ணில் போடுவதே மேல்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. யாரும் கீரையைப் பற்றிப் பேசவில்லை. 2004-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. டீயில் வேண்டுமென்றே சால்மொனெல்லா, ஈ.கோலை என்ற வயிற்றுநோய்க் கிருமிகளைக் கொஞ்சம் விட்டுப் பார்த்தார்கள். வெல்லப்பாகு சேர்த்த டீயில் அவை பல மடங்கு பெருகின. வெல்லப்பாகு சேர்க்காததில் பெருகவில்லை. அதாவது நாம் போடும் சர்க்கரைக்கு நல்லது கெட்டது தெரியாது. அதே வருடம் அங்கே இயற்கை வேளாண் தரக் குழுவுக்காகக் கூடிய ஒரு பணிக்குழு, தீனி சேர்த்துக் காய்ச்சிய டீயைச் சோதனை செய்யாமல் உணவுப் பயிருக்கு விடுவதென்றால் பச்சைச் சாணத்துக்கு உள்ள விதியையே பின்பற்றுங்கள் என்று சொன்னது. அறுவடைக்கு 90 நாள் முன்பு, காய் மண்ணைத் தொடும் பயிரென்றால் 120 நாள் முன்பு. நம் சிறுகீரை 25 நாள் பயிர்! கணக்கே ஒத்துவராது.

மண்புழு உரம் சூடேறி மக்கிய உரம் அல்ல, அதையும் நினைவில் வைக்க வேண்டும். குவியல் 55 டிகிரிக்குச் சூடேறி மக்கினால் கிருமி பெரும்பாலும் சாகும். புழுத் தொட்டியில் அந்தச் சூடு வராது, வந்தால் புழு இருக்காது. எனவே கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, தக்காளி என்று பச்சையாகத் தின்பது எதற்கும் இலை மேல் தெளிக்காதீர்கள். வேரில் ஊற்றுங்கள். மூன்று நாள் கேனில் கிடந்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

---

கீரைக்காரி | கோவை | ஞாயிறு இரவு 7.30

நுண்ணோக்கி சார், என் பேரே கீரைக்காரி. நாலு வருசமா கொத்தமல்லி மேல தெளிச்சிட்டிருக்கேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல.

---

நுண்ணோக்கி | மதுரை | ஞாயிறு இரவு 7.48

ஆகாமல் இருந்ததில் மகிழ்ச்சி அம்மா. ஹெல்மெட் இல்லாமல் நாற்பது வருடம் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள்.

---

கீரைக்காரி | கோவை | ஞாயிறு இரவு 8.20

சரி. கொத்தமல்லிக்கு இனி வேர்ல மட்டும். செம்பருத்தி, ரோஜாவுக்கு இலையில அடிப்பேன், அதுல வாதாடாதீங்க.

தம்பிக்கு இன்னும் பதில் மிச்சம். நாத்தமடிச்ச 15 லிட்டரைத் தொட்டிச் செடிக்கு ஊத்தாதே. அந்த அமிலமும் ஆல்கஹாலும் சின்னத் தொட்டில இருக்கற வேருக்கு ஆகாது, தொட்டில மண்ணும் கொஞ்சம், தப்பிக்க வழியும் இல்ல. கீழ தென்னை, வாழைன்னு தரையில நிக்கற மரம் இருந்தா இருபது பங்கு தண்ணி சேர்த்துத் தூரைவிட்டுத் தள்ளி ஊத்து. இல்லாட்டி காய்ஞ்ச சருகு நிறைய இருக்கற கம்போஸ்ட் தொட்டில கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கிளறி விடு. அதுல சத்து போகல, உயிர்தான் மாறிப்போச்சு. குவியல் அதைத் தின்னுரும்.

இனிமே தேவைக்கு மட்டும் காய்ச்சு. 40 பைக்கு 5 லிட்டர் போதும்னு நீயே கண்டுபிடிச்சிட்டே. 5 லிட்டருக்கு உரம் கால் கிலோ, சர்க்கரை ஒரு டீஸ்பூன் கூட வேணாம். மிச்ச முக்கால் கிலோ உரத்தை ஈரம் காயாம, காத்துப் போற சாக்குப் பையில நிழல்ல வெச்சா மாசக்கணக்கில நல்லா இருக்கும். சேமிக்கறதுன்னா அதைச் சேமி. வெள்ளிக்கிழமை காலையில போட்டா சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஊத்தலாம், வெயிலும் இறங்கியிருக்கும்.

---

உப்பங்கழி | வேதாரண்யம் | ஞாயிறு இரவு 9.05

அக்கா சொன்னது முழுசும் சரி. இன்னொண்ணு, காய்ச்சி முடிச்ச பத்து நிமிசத்துல பக்கெட், குழாய், குழாய் நுனியில குமிழி விடற காத்துக்கல் எல்லாத்தையும் தேய்ச்சுக் கழுவணும். காஞ்சதுக்கப்புறம் அந்த வழவழப்பு போகாது. அந்த வழவழப்புக்கு அடியில காத்தே படாத கூட்டம் குடியிருக்கும், அடுத்த டீக்கு அதுதான் உறைமோர். காத்துக்கல்லைக் கழுவறது பெரும்பாடு. நான் கல்லையே தூக்கிப் போட்டுட்டு, குழாய் நுனியில ஊசியால பத்து ஓட்டை போட்டு வெச்சிருக்கேன். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் ஊத்தி அலசினா குழாய்க்குள்ளயும் சுத்தமாகும்.

உன் பம்ப் எத்தனை லிட்டர் காத்து தருதுன்னு பெட்டியில போட்டிருக்கும். 20 லிட்டர் பக்கெட்டுக்கு நிமிசத்துக்கு 8 லிட்டராவது வேணும். மூணு, நாலுன்னு போட்டிருந்தா அது 10 லிட்டருக்குத்தான் லாயக்கு.

---

மொட்டைமாடி | அம்பத்தூர் | திங்கள் இரவு 8.15

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பம்ப் பெட்டியைத் தேடி எடுத்தேன். நிமிசத்துக்கு 3 லிட்டர். அப்ப 30 மணி நேரம் ஓடும்போதே பாதி மூச்சுலதான் இருந்திருக்கு.

15 லிட்டரை ராத்திரி பத்து மணிக்கு மேல, மாமி தூங்கினப்புறம், தண்ணி கலந்து பின்னாடி இருக்கற தென்னைக்கு ஊத்தியாச்சு. காலையில மாமி ‘இன்னிக்கு நாத்தம் தென்னைமரத்துப் பக்கம் வருதே’ன்னாங்க. முனிசிபாலிட்டி மேல பழியைப் போட்டுட்டேன்.

வெள்ளிக்கிழமை 5 லிட்டர் போடப்போறேன். தண்ணி ரெண்டு டப் இப்பவே பிடிச்சு வெச்சாச்சு, ஒண்ணு காய்ச்ச, ஒண்ணு கலக்க.

---

உப்பங்கழி | வேதாரண்யம் | திங்கள் இரவு 8.22

சபாஷ். பக்கெட் கழுவினியா?

---

மொட்டைமாடி | அம்பத்தூர் | திங்கள் இரவு 8.40

போன வாரத்துலேர்ந்து அப்படியேதாண்ணா இருக்கு. இப்பப் போறேன்.